மைக் இல்லாமல் வாசித்த பெயர்

மதலேனாவுக்கு இருந்த பெரிய சொத்து அவளுடைய குரல். முப்பத்தொரு வருடம் பேசாலையிலிருந்து பஸ்சேறிப் போய், மன்னார்ப் பட்டினத்துத் தபாற்கந்தோரில், ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். பட்டினத்தில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் மீன் சந்தையில் அவள் விலை கேட்டால், குனிந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பவன் நிமிராமலே, "எக்ஸ்சேஞ் அக்காவோ? உங்களுக்கெண்டாக் குறைச்சுத் தரலாம்" என்பான். குறைத்துத் தரமாட்டான், அது வேறு கதை. ஆனாலும் மதலேனாவுக்கு அந்தப் பேச்சே போதும், அன்று முழுக்கக் கால் நிலத்தில் படாது.

அந்தக் குரலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தந்தி இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து வரும் தந்திகளைப் பேசாலை, தலைமன்னார், முருங்கன் என்று கிராமத்துத் தபாற்கந்தோர்களுக்குப் போனில் வாசித்துக் கொடுப்பது அவள் வேலை. சேர்ந்த முதல் மாதம் "தாயார் காலமானார், உடனே வரவும்" என்று வாசிக்கும்போது, யாருடைய தாயார் என்றுகூடத் தெரியாமல் விம்மி அழுது, மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு பழகிக்கொண்டாள். கண் பார்க்கும், வாய் சொல்லும், நடுவில் மனம் வந்து குறுக்கே நிற்காது. பிறப்பையும் சாவையும் ஒரே சுதியில், தடக்குப்படாமல் வாசிப்பாள். வாசித்தது என்னவென்று அடுத்த தந்தியைக் கையில் எடுக்கும்போதுதான் மெல்ல உறைக்கும். இதைத் தன் திறமை என்று அவள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள். திறமைதான். அந்தத் திறமைதான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்து அறைந்தது.

பட்டினத்து நூலகத்துக்கு உதவி செய்ய ஒரு கூட்டம் இருந்தது. நூலக நண்பர் வட்டம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம், மொத்தம் ஒன்பது பேர். தலைவர் மீராசாஹிபு, பட்டினத்தில் சீமெந்துக் கடை வைத்திருப்பவர், மதலேனா அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். செயலாளர் மதலேனா. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது நூலகத்தில் கதிரைகளைவிடப் புத்தகங்கள் குறைவாக இருந்தன. புத்தகம் வாங்கக் காசு சேர்க்கிறோம் என்று இவர்கள் புறப்பட்டார்கள். முதலில் ஒரு லொத்தர் போட்டார்கள். முதற்பரிசுச் சைக்கிள் மீராசாஹிபுவின் மருமகனுக்கே விழுந்துவிட்டது. மனிதர் வெட்கத்தில் இரண்டு கிழமை கடைக்கு வரவில்லை. அடுத்த வருடம் கூத்து ஒன்று மேடையேற்றினார்கள். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத மழை, ராசா மேடைக்கு வந்த நேரம் பார்த்துக் கொட்டித் தீர்த்தது.

அப்போதுதான் மதலேனா நினைவுப் புத்தகம் என்ற யோசனையைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிப்பார்கள். முன் அட்டையில் கலர்ப் படம், உள்ளே புலம்பல் பாட்டு, பின்னால் வம்சாவளி. சாப்பாட்டோடு அதையும் கையில் தந்து அனுப்புவார்கள். அடுத்த கிழமை அது எந்த வீட்டிலும் ஏதாவது ஒரு பானையை மூடிக்கொண்டு கிடக்கும்.

"அந்த அச்சுக்கூலியில கொஞ்சத்தை இஞ்ச தாங்கோ" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள் மதலேனா. "ஒரு நல்ல புத்தகம் வாங்கி, உள்ளுக்கு உங்கட ஆளின்ர பேரை ஒட்டி, அலுமாரியில வைப்பம். படிக்கிற பிள்ளையள் ஒவ்வொருக்காத் திறக்கேக்கையும் அந்தப் பேரைப் பாக்குங்கள்."

சனத்துக்கு இது பிடித்துவிட்டது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்தன, பெருநிலப் பக்கத்து வயற்காரர்கள் வந்தார்கள், முஸ்லிம் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். உள்ளங்கை அளவு துண்டு ஒன்று அச்சடித்தார்கள். பெயர், ஊர், தோற்றம், மறைவு, கடைசியில் 'நினைவுகூருபவர்' என்று ஒரு வரி. சிலருக்கு முன்னால் அமரர், சிலருக்கு முன்னால் மர்ஹூம், ஆனால் அலுமாரி ஒன்றுதான். "கடைசியில எல்லாரையும் ஒரு தட்டில அடுக்கிப் போட்டீங்கள் தங்கச்சி" என்று மீராசாஹிபு சிரித்தார்.

இந்தத் திட்டத்தில் மதலேனா ஒரே ஒரு சட்டம் வைத்தாள். மறைந்த திகதி இல்லாமல் துண்டு ஒட்டக்கூடாது. காணாமற்போன பிள்ளையின் பெயரோடு யாராவது வந்தால், அவர்களைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, "வருவாங்கள். அவசரப்படாதேங்கோ" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஏனென்றால் அவளுக்கும் ஒருவன் வரவேண்டி இருந்தது. கொன்ஸ்ரன்ரைன், ஒரே பிள்ளை. இரண்டாயிரத்து ஆறில் ஊர் கலங்கியபோது இருபத்திரண்டு வயது. இந்தியாவுக்குப் போகமாட்டேன், அப்பாவோடு கடலுக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றவனை, "இஞ்ச நிண்டாச் சாவாய்" என்று அழுது, சண்டை பிடித்து, காப்புகளை விற்று வள்ளத்துக்குக் கொடுத்தது மதலேனாதான். முதல் நாள் போனவன் விடியத் திரும்பி வந்துவிட்டான். கடல் சரியில்லையாம். அடுத்த நாள் அவளே கரைமட்டும் கூடப் போய், காவலுக்கென்று கழுத்தில் மாதாவின் உத்தரியத் துணியைப் போட்டு, முதுகில் கை வைத்து வள்ளத்தில் ஏற்றிவிட்டு வந்தாள். அதன் பிறகு ஒரு சொல் இல்லை.

எட்டு வருடம் அவள் விடவில்லை. முகாம்களுக்குக் கடிதம் எழுதினாள். கொழும்பில் எத்தனையோ கந்தோர்களில் வரிசையில் நின்றாள். இந்தியாவில் வேறு பெயரில் இருப்பான், அங்கிருந்து வேறு நாட்டுக்கும் போயிருப்பான் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கிராமசேவகர் மரணச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவர் கண் முன்னாலேயே அதை நாலாகக் கிழித்தாள். கார்த்திகை மாதத்தில் பேசாலைக் கோயிலில் மரித்தவர்களின் பெயரை எழுதிப் பெட்டியில் போடுவார்கள், குருவானவர் பூசையில் வாசிப்பார். அவனுடைய பெயர் அந்தப் பெட்டிக்குள் ஒரு நாளும் போனதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "மகன் இந்தியாவில" என்பாள். குரலில் ஒரு சின்னப் பிசிறும் இராது.

அந்த வருடம் கார்த்திகை பிறக்க முன், மீராசாஹிபு ஒரு யோசனை சொன்னார். "உங்கட கோயிலில பேர் வாசிக்கிற மாதிரி நாங்களும் ஒரு நாள் வைச்சு, நினைவுப் புத்தகங்களை எல்லாம் மேசையில அடுக்கிப் பேரை வாசிச்சா என்ன? குடும்பங்கள் வரும். வந்தாப் புதுசா இன்னும் நாலு பேர் புத்தகம் தருவினம்."

மதலேனா பிடித்துக்கொண்டாள். வாசிப்பது யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

"பட்டியல் ஒண்டு எடுத்துத் தரட்டா அன்ரி?" என்று கேட்டாள் றாபியா. நூலகத்தில் வேலை செய்யும் பிள்ளை, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, இரண்டு வருடத்துக்கு முன்தான் மன்னாருக்கு வந்தவள்.

"பட்டியல் என்னத்துக்கு? புத்தகத்தைத் திறந்து அதில இருக்கிறதைத்தான் வாசிக்கோணும். அப்பத்தான் மரியாதை."

"அப்ப ஒருக்கா முதலே பாத்து வையுங்கோவன். பேருகள் தடக்கும்" என்றார் மீராசாஹிபு.

"நானா, நான் எத்தினை ஆயிரம் தந்தி வாசிச்சனான். எனக்கு ஒத்திகையோ?"



சனிக்கிழமை பின்னேரம் நூலகத்து வாசிப்பு மண்டபம் நிறைந்துவிட்டது. மதலேனாவின் புருசன் அருட்பிரகாசமும் வந்திருந்தார். அதுவே ஒரு அதிசயம். பேசாலையில் வள்ளம் வைத்திருக்கும் மனிதர், என்ஜின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, எழுத்து வாசிப்பும் மட்டுமட்டு. வட்டத்தில் நடந்த புதினங்களை மதலேனா சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து நாளும் பொழுதும் ஒப்புவிப்பாள். அவர் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். கோயில் மண்டபத்துக் கதிரைகளை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிவர ஆள் தேவைப்பட்டதால் அவரை இழுத்து வந்திருந்தாள். கதிரைகளை இறக்கிவிட்டு, பின்பக்கம் கதவோரமாக ஒன்றில் குந்தினார். பேசாலையிலிருந்து பக்கத்து வீட்டு மாக்கிறட்டும் வந்து முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய தமையனுக்கும் ஒரு புத்தகம் இருந்தது.

மதலேனா மைக்கைத் தட்டிப் பார்த்தாள். சேலை முந்தானையை இழுத்துவிட்டாள். கூட்டம் அடங்கியது.

"நினைவுப் புத்தகங்களின் பெயர் வாசிப்பு" என்று தொடங்கினாள்.

முதற் புத்தகத்தைத் திறந்தாள். அமரர் சரவணமுத்து, முருங்கன். தோற்றம், மறைவு, நினைவுகூருபவர் மனைவி கனகம்மா. நாலாவது வரிசையில் ஒரு கிழவி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு இருந்தாள். இரண்டாவது, மூன்றாவது. குரல் மணி போல மண்டபம் முழுக்கப் போனது. ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அப்படி ஒரு வழக்கம் அங்கேயே உண்டாகிவிட்டது. மீராசாஹிபு லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். மதலேனாவுக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது.

பத்துப் பன்னிரண்டு பெயர் போயிருக்கும், மைக் செத்துப்போனது.

"கரண்ட் போயிட்டுது" என்று யாரோ சொன்னார்கள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி, பாக்கச் சொல்லுவம்" என்று எழும்பினார் மீராசாஹிபு.

"இருங்கோ நானா. கொழும்பு வரைக்கும் கத்திக் கதைச்ச எனக்கு மைக் என்னத்துக்கு?"

கூட்டம் சிரித்தது. மதலேனாவும் சிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை இன்னும் ஒரு படி உயர்த்தினாள். அடுத்தது ஒரு தடித்த புத்தகம், பழைய கப்பல்களைப் பற்றியது. அட்டையைத் திறந்தாள். கண் பார்த்தது, வாய் சொன்னது.

"அமரர் அருட்பிரகாசம் கொன்ஸ்ரன்ரைன். பேசாலை. தோற்றம் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலு, வைகாசி இருபத்தொன்று. மறைவு இரண்டாயிரத்து ஆறு, புரட்டாதி பதினேழு. நினைவுகூருபவர், அப்பா."

புத்தகத்தை மூடி வலப்பக்கம் வைத்தாள். அடுத்ததைத் திறந்தாள்.

"மர்ஹூமா செய்யது பாத்தும்மா. எருக்கலம்பிட்டி. தோற்றம்..."

ஒருவரும் எழும்பவில்லை. இருமல் இல்லை, கதிரை இழுபடும் சத்தம் இல்லை. செய்யது பாத்தும்மாவின் மகன் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டான். அவன் மதலேனாவைப் பார்த்த பார்வை அவளுக்கு விளங்கவில்லை. ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறார்கள்? முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? சேலை விலகியிருக்கிறதா? குனிந்து பார்த்தாள். சேலை சரியாகத்தான் இருந்தது.

பிறகு உறைத்தது.

முதலில் வந்தது பெயர்கூட இல்லை. வைகாசி இருபத்தொன்று. எண்பத்து நாலு. அந்த நாள் மன்னார் ஆசுப்பத்திரியில் மழைக்கு யன்னல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் திகதியைத் தன்னையும் அவரையும் தவிர வேறு யார் இங்கே கொண்டுவந்து எழுதியிருக்க முடியும்? மேசையின் விளிம்பைப் பிடித்தாள். பிடிக்கிறோம் என்று தெரிந்தது, கையில் மேசை தட்டுப்படவே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. அதை மூட வேண்டும் என்று நினைத்தாள், மூட முடியவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு நாளும் அவளைக் கைவிடாத அந்தக் குரல், எட்டு வருடமாக அவள் பூட்டி வைத்திருந்த ஒரே பெயரை வெளியே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. குருவானவருக்கு வாசிக்கக் கொடுக்காத பெயர். அவள் தானே வாசித்திருக்கிறாள், அதுவும் மணிமணியாக.

வலப்பக்கம் வைத்த புத்தகத்தை இழுத்து எடுத்துத் திறந்தாள். பிழையாக வாசித்திருப்பேன், ஒப்பரேசன் செய்த கண்தானே. பிழை இல்லை. அதே எழுத்துகள்.

"இது ஆர் எழுதினது?"

றாபியா ஓடி வந்தாள். பிள்ளையின் முகம் வெளிறிப்போய் இருந்தது. "நான்தான் அன்ரி எழுதினனான். என்ன அன்ரி? பிழையோ?"

"ஆர் வந்து சொன்னது?"

"ஒரு ஐயா வந்தவர். போன வருசம், நீங்கள் கண் ஒப்பரேசன் செய்து போட்டு முருங்கனில தங்கச்சி வீட்டில நிண்ட நேரம். திகதி எல்லாம் சரியாச் சொன்னவர். ஒருத்தரும் எடுக்காத புத்தகமாப் பாத்துத் தா பிள்ளை எண்டவர்." றாபியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒவ்வொரு மாசமும் பதினேழாந் திகதி வாறவர் அன்ரி. அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்த மூலை மேசையில விரிச்சு வைச்சுக்கொண்டு இருப்பார். வாசிக்கமாட்டார். சும்மா இருந்திட்டுப் போவார். இண்டைக்கும் வந்தவர். உங்கட ஆக்கள் எண்டு எனக்குத் தெரியாது."

"எங்க?"

றாபியா கதவுப் பக்கம் காட்டினாள்.

கதவோரக் கதிரை வெறுமையாக இருந்தது. அதற்கு அப்பால், விறாந்தையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் அருட்பிரகாசம் நின்றார். பிடுங்கிய வயரின் நுனி இன்னும் கையில் இருந்தது. மைக் ஏன் செத்தது என்று மதலேனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அடுக்கில் அந்தத் தடித்த புத்தகம் அடுத்ததாக வந்ததைக் கண்டுவிட்டு, மனிதர் தன்னால் முடிந்த ஒரே வழியில் அவள் வாயை மூடப் பார்த்திருக்கிறார். அவள் மைக் என்னத்துக்கு என்று சவடால் விட்டிருக்கிறாள்.

பதினேழாந் திகதி. மாதா மாதம் என்ஜினுக்குச் சாமான் வாங்க மன்னாருக்குப் போகிறேன் என்று புறப்படுகிற மனிதன். "அப்பிடி என்ன என்ஜின், மாசாமாசம் தின்னுது?" என்று அவள் எத்தனை தரம் ஏசியிருக்கிறாள்.

மேசையை விட்டு விலகி நடந்தாள். முன்வரிசையைக் கடக்கும்போது மாக்கிறட் தலையைக் குனிந்துகொண்டாள். மதலேனா நின்றுவிட்டாள். மற்ற முகங்களில் எல்லாம் அதிர்ச்சி இருந்தது. மாக்கிறட்டின் முகத்தில் அதிர்ச்சி இல்லை, பயம் இருந்தது.

"மாக்கிறட். உனக்கும் தெரியுமோ?"

மாக்கிறட் குனிந்தபடியே தலையாட்டினாள்.

"பேசாலை ஊருக்கே தெரியுமோடி?"

"ஓம் அக்கா" என்றாள் மாக்கிறட், மடியைப் பார்த்தபடி. "ஆர் அக்கா உங்களிட்டை வந்து சொல்லுறது?"

ஊருக்கெல்லாம் செய்தி கொடுத்தவளுக்கு ஊரே சேர்ந்து ஒரு செய்தியை மறைத்து வைத்திருக்கிறது. கோயிலுக்குப் போகும்போதும், ஊர்த் தெருவில் நின்று "மகன் இந்தியாவில" என்று அளக்கும்போதும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறார்கள். 

விறாந்தைக்கு வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"எப்ப தெரியும்?"

அருட்பிரகாசம் வயரைக் கீழே போட்டார். "ரெண்டாயிரத்து எட்டில. சிங்கராசா திரும்பி வந்தவன்." சிங்கராசா அந்த வள்ளத்தை ஓட்டிப் போனவன். "தீடைக்குக் கிட்டப் போகேக்க வள்ளம் பிரண்டிட்டுதாம். மற்ற ஆக்கள் நீந்தி ஏறியிருக்கினம். இவன் ஏறேல்ல. விடியக் கரையில ஒதுங்கினவனாம். அந்தத் தீடை மண்ணிலயே வைச்சிட்டுப் போயிருக்கினம்."

தீடை என்பது தலைமன்னாருக்கும் இந்தியாவுக்கும் நடுவில் கடலுக்குள் கிடக்கும் வெறும் மணல் மேடு. மரமில்லை, தண்ணீரில்லை. அவளுடைய பிள்ளை அங்கே இருந்திருக்கிறான், அவள் முகாம் முகாமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பொய். சிங்கராசா பொய் சொல்லுறான்."

"இதைச் சிங்கராசாதான் கழட்டிக் கொண்டுவந்து தந்தவன்" என்று அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பொலித்தீன் சுருளை எடுத்தார். அதற்குள் மண்ணிறத் துணியில் ஒரு சின்ன உத்தரியம், உப்பேறி விறைத்துப் போயிருந்தது. ஓரத்தில் அவள் பச்சை நூலால் தைத்த தையல். பச்சை நூல் தவிர வேறு நூல் அன்று வீட்டில் இருக்கவில்லை.

மதலேனா அதைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் போனாள்.

"ஆறு வருசம். ஆறு வருசம் என்னோட கொழும்புக்கு வந்தனீங்களே. கியூவில நிண்டனீங்களே. நான் படிவம் நிரப்பேக்க பக்கத்தில இருந்து பேனை எடுத்துத் தந்தனீங்களே. எல்லாம் தெரிஞ்சுகொண்டோ?"

"நீ தனியப் போகக்கூடாது எண்டுதான்."

"ஏன் சொல்லேல்ல?" அவள் கத்தினாள். உள்ளே மண்டபத்தில் ஒவ்வொருவருக்கும் கேட்டது, அந்தக் குரலை எங்கே ஒளிப்பது? "நான் அனுப்பினபடியாலோ? திரும்பி வந்தவனை முதுகில கைவைச்சுத் தள்ளி அனுப்பினவள் எண்டு, எனக்குப் பாவம் பாத்தனீங்களோ?"

"இல்லை."

அவர் அவளைப் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உனக்குப் பாவம் பாக்கேல்ல மதலேனா. எனக்குப் பயம். முதல் நாள் அவன் திரும்பி வந்தவன். அடுத்த நாள் பின்னேரம் என்னட்டைக் கேட்டவன், அப்பா, கடல் எப்பிடி எண்டு. நான் போய்ப் பாத்திட்டு, படிஞ்சிட்டுது, போகலாம் எண்டனான். நாப்பது வருசம் கடலில கிடந்தவன் நான். காத்து மாறப்போகுது எண்டு எனக்குத் தெரிஞ்சது. நீ சண்டை பிடிச்ச பிடியில, வீட்டில சத்தம் நிண்டாப் போதும் எண்டு சொல்லிப்போட்டன்." மூக்கை உறிஞ்சினார். "என்ர சொல்லை நம்பித்தான் அவன் ஏறினவன். உன்ர கைக்குப் பயந்து ஏறேல்ல. இதை எப்பிடி நான் உன்னட்டைச் சொல்லுறது?"

மதலேனாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் சட்டையைப் பிடித்தாள், பிடித்தபடியே நின்றாள். எட்டு வருடம் தன் கை தள்ளிய தள்ளலை மட்டுமே அவள் நினைத்து நினைத்துச் செத்திருக்கிறாள். அவன் வந்துவிட்டால் அந்தத் தள்ளல் இல்லாமற் போய்விடும், அதனால் அவன் வரத்தான் வேண்டும். அதற்காகத்தான் அத்தனை கடிதமும். இந்த மனிதரோ அதே வீட்டில், அதே பாயில், தன் சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். கோயிலில் பெயர் கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். கல்லறை இல்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்த இடமில்லாமல், வாசிக்கத் தெரியாத புத்தகத்தின் முன்னால் வந்து இருந்திருக்கிறார். அவர் மேல் வந்த ஆத்திரமும் இரக்கமும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. எது வென்றது என்று அவளுக்கே தெரியாது.

சட்டையை விட்டாள். அவர் கையிலிருந்த உத்தரியத்தைப் பிடுங்கி எடுத்தாள். உள்ளே போனாள்.

 மீராசாஹிபு எழுந்து கிட்ட வந்தார். "தங்கச்சி, இண்டைக்கு முடிப்பம். சனத்தை அனுப்பிவிடுறன்."

"மிச்சப் புத்தகம் இருக்கு நானா. அந்தச் சனம் பஸ்சேறி வந்தது."

"அன்ரி, நான் வாசிக்கிறன்" என்றாள் றாபியா.

"நீர் இரும் பிள்ளை."

செய்யது பாத்தும்மாவிலிருந்து மறுபடி தொடங்கினாள். அந்த மகன் இந்த முறை முழுதாக எழுந்து நின்றான். மிச்சப் பெயர்களை எல்லாம் வாசித்தாள். குரல் பழைய குரல் இல்லை. ஒவ்வொரு பெயரும் அவளுடைய காதுக்குள்ளும் விழுந்தது. யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் பிள்ளை. ஆயிரம் ஆயிரம் தந்தியில் கேட்காமல் விட்டது எல்லாம் அன்றைக்குக் கேட்டது. இரண்டு இடத்தில் தடக்கினாள். மாக்கிறட்டின் தமையன் பெயர் வந்தபோது மாக்கிறட் எழும்பி நின்று வாய்விட்டு அழுதாள்.

கடைசிப் புத்தகம் முடிந்தது. மதலேனா அந்தக் கப்பல் புத்தகத்தை மறுபடி எடுத்தாள். அட்டையைத் திறந்தாள். 

"அமரர்" என்றாள். அந்தச் சொல்லைக் கடக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. "அருட்பிரகாசம் கொன்ஸ்ரன்ரைன். பேசாலை. தோற்றம் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலு, வைகாசி இருபத்தொன்று. மறைவு..."

அதற்குமேல் வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. எக்ஸ்சேஞ் அக்காவின் குரல் அறுந்து போனதை மன்னார்ப் பட்டினம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

"ரெண்டாயிரத்து ஆறு. புரட்டாதி பதினேழு."

கதவடியில் நின்று அருட்பிரகாசம் சொன்னார். காது மந்தமானவர்கள் பேசுவதுபோல உரத்துச் சொன்னார். அவருக்குத் துண்டைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் எழும்பி நின்றதைப் பார்த்திருந்தபடியால், தானும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

மதலேனா அவரைப் பார்த்தாள். பிறகு துண்டின் கடைசி வரியைப் பார்த்தாள். நினைவுகூருபவர், அப்பா. அதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

"றாபியா, பேனை."

பிள்ளை பேனையைக் கொடுத்தாள். கிராமசேவகர் நீட்டிய விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்த கை அது. உத்தரியத்தை இடக்கைக்குள் பொத்திக்கொண்டு, வலக்கையால் பேனையைப் பிடித்து, குனிந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா என்று எழுதினாள். எழுத்துக் கோணலாகப் போனது. அவளுடைய எழுத்து அப்படி இராது, தபாற்கந்தோரில் எல்லாரும் மெச்சிய எழுத்து.

புத்தகத்தை மூட றாபியா கையை நீட்டினாள். மதலேனா விடவில்லை. மை காயும் மட்டும் அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள்.